கல்லூரிக்குப் புதிதாக வருகிறவர்களும் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைக் கல்லூரிகள் திறக்கும் ஜூன், ஜூலையில் தொடங்கி, மருத்துவச் சேர்க்கை முடியும் வரை இந்தக் கேள்விகள் ஓயாது. முதலாண்டுப் பிள்ளைகளும் அவர்களை அனுப்பிவிட்டுக் கவலைப்படும் பெற்றோரும் கேட்பார்கள். வரவேற்புக் கூட்டம் நடத்தத் திணறும் சீனியர்களும் கேட்பார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதியது. கருத்துச் சொன்ன இடங்களில் அது என் கருத்து.

மாணவர் ஐக்கியம் என்றால் என்ன? யார் நடத்துகிறார்கள்?

ஒரே கல்லூரியில் படிக்கும் கிறிஸ்தவ மாணவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பாடி, வேதம் வாசித்து, ஜெபித்துக் கலையும் கூட்டம். அவ்வளவுதான். மரத்தடியிலோ காலியான வகுப்பறையிலோ பக்கத்து ஆலயத்து அறையிலோ நடக்கும். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் பத்துப் பேர் கூடினாலே பெரிய கூட்டம். நடத்துவது மாணவர்கள். படித்து முடித்து வேலைக்குப் போன பழைய மாணவர்கள் அவ்வப்போது வந்து உதவுவார்கள். ஒரு மாவட்டத்துக்கோ சில கல்லூரிகளுக்கோ சேர்த்து ஒரு முழுநேர ஊழியர் இருப்பதும் உண்டு.

எத்தனை அமைப்புகள் இருக்கின்றன? எதில் சேர்வது?

இந்தியாவில் பழையது எஸ்.சி.எம். எனப்படும் மாணவர் கிறிஸ்தவ இயக்கம், 1912இல் தொடங்கியது. சபை வேறுபாடு பார்க்காது. சமூக நீதி பற்றிய பேச்சு அங்கே அதிகம். கத்தோலிக்க மாணவர்களுக்கு ஐகஃப் எனப்படும் அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு, 1924இல் தொடங்கியது. இயேசு சபைக் குருக்களின் வழிகாட்டலில் வளர்ந்தது. முகாம் என்று கிராமத்துக்குக் கூட்டிப்போய், அங்குள்ள வாழ்க்கையை நேரில் பார்த்து விவாதிக்க வைப்பார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அதிகம் காதில் விழும் பெயர் 'யூனியன் ஆஃப் இவாஞ்சலிக்கல் ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கமான யு.இ.எஸ்.ஐ. 1954இல் உருவான இந்த இயக்கத்தின் கல்லூரிக் குழுவை 'இ.யு.' (இவாஞ்சலிக்கல் யூனியன்) என்பார்கள். வேத ஆராய்ச்சியும் தனிப்பட்ட விசுவாச வாழ்க்கையும் இதன் அழுத்தம். கேரளத்தில் தொடங்கிய கத்தோலிக்க இளைஞர் இயக்கமான ஜீசஸ் யூத், மலையாளி மாணவர்களும் நர்சிங் மாணவிகளும் இருக்கும் இடங்களில் காணப்படும். மருத்துவ மாணவர்களிடையே இ.எம்.எஃப்.ஐ. (இவாஞ்சலிக்கல் மெடிக்கல் ஃபெலோஷிப் ஆஃப் இந்தியா) இருக்கிறது.

எதில் சேர்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கல்லூரியில் எது இருக்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள். இரண்டு இருந்தால் இரண்டுக்கும் ஒருமுறை போங்கள். எதுவும் இல்லாத கல்லூரிகளும் நிறைய உண்டு. அங்கே உங்கள் வகுப்பில் இருக்கும் இன்னொருவருடன் வாரம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், பல ஐக்கியங்கள் அப்படித் தொடங்கியவைதான்.

சேர்க்கை நாளிலேயே சீனியர்கள் வந்து பேசுகிறார்களே, அப்படி என்ன அவசரம்?

காரணம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம், மாநிலம் முழுவதற்கும் எடுத்தால் 6 சதவீதம்தான். நாகர்கோவிலிலோ தூத்துக்குடிக் கடற்கரை ஊரிலோ வளர்ந்த பிள்ளை நடந்து போகும் தூரத்தில் ஆலயத்தைப் பார்த்தே வளர்ந்திருக்கும். மணி அடிக்கும், அம்மா எழுப்புவார், எல்லாரும் போவார்கள், தானும் போகும். அதே பிள்ளை நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஹாஸ்டலில் முதல் ஞாயிறு விழிக்கும்போது எழுப்ப ஆளில்லை. அருகில் எந்த ஆலயம், எத்தனை மணிக்கு ஆராதனை, எந்தப் பஸ், எதுவும் தெரியாது. அந்த ஞாயிறு துணி துவைப்பதில் போய்விடும். அடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு, போகாமல் இருப்பதே பழக்கமாகிவிடும்.

நட்புகளும் அந்த முதல் சில வாரங்களில்தான் அமைகின்றன. அறைத் தோழர், பஸ்ஸில் பக்கத்து இருக்கை, லேப் பார்ட்னர் என்று ஒரு வட்டம் உருவாகிவிட்டால் வேறு ஒரு கூட்டத்துக்குள் நுழையப் புதியவருக்கே கூச்சமாகிவிடும்.

சீனியர்களுக்குத் தங்கள் பக்கக் கவலையும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. இறுதியாண்டு மாணவர்கள் போனதும் ஆள் இல்லாமல் நின்றுபோன ஐக்கியங்கள் பல. புதியவர்கள் வந்தால்தான் குழு அடுத்த ஆண்டும் இருக்கும்.

வரவேற்புக் கூட்டத்தில் என்ன நடக்கும்?

இரண்டு மூன்று பாட்டு, பெரும்பாலும் கிட்டாருடன். பெயர், ஊர், படிப்பு சொல்லும் அறிமுகம். ஒரு விளையாட்டு. ஒரு சீனியர் தன் முதலாண்டு அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்வார். சிறிய வேத செய்தி. ஜெபம். டீ, சமோசா. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் நடத்துகிறவர்களுக்கு நேர உணர்வு இல்லை என்று பொருள். ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் நீங்கள் எழுந்து வந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மேடைக்கு வந்து பாடச் சொன்னாலோ சத்தமாக ஜெபிக்கச் சொன்னாலோ 'வேண்டாம் அண்ணா' என்று சொல்லலாம். அடுத்த வாரமும் சொல்லலாம்.

நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). அங்கே எல்லாரும் வேறு சபையாக இருந்தால்?

முதல் இரண்டு வாரம் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். நீங்கள் கொண்டுபோகும் திருவிவிலியம் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர் கையில் புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் 'பழைய திருப்புதல்' மொழிபெயர்ப்பு. நீங்கள் 'விடுதலைப் பயணம்' என்று தேடுவதை அவர் 'யாத்திராகமம்' என்பார். உங்களுடையதில் 73 நூல்கள், அவருடையதில் 66. இரண்டையும் வைத்துக்கொண்டே ஒரே பகுதியை வாசிக்கலாம், சில இடங்களில் அதனாலேயே நன்றாகப் புரியும்.

கைதட்டிப் பாடியே பழகாத சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைக்கும், பாமாலை என்ற பழைய ஆலயப் பாட்டுகளைக் கேட்டால் தூக்கம் வரும் பெந்தெகொஸ்தே பிள்ளைக்கும் இதே சங்கடம் இருக்கும். நல்ல குழு எல்லாப் பாட்டையும் மாற்றி மாற்றிப் பாடும். மாதாவைப் பற்றியோ ஞானஸ்நான முறை பற்றியோ முதல் மாதத்திலேயே உங்களைத் திருத்த யாராவது கிளம்பினால், அந்த ஒருவரை வைத்து முழுக் குழுவையும் எடைபோட வேண்டாம். ஆனால் குழுவே அப்படித்தான் என்று தெரிந்தால் விலகிவிடுங்கள்.

'எந்த ஊர், எந்தச் சபை' என்றுதானே பேச்சைத் தொடங்க முடியும்? அதில் என்ன தப்பு?

இது சீனியர்கள் கேட்பது. நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

தென் மாவட்டங்களை அறிந்தவர்களுக்கு இது தெரியும்: எந்தச் சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பில் வரும் சபைகள்), எந்தத் தெருவில் ஆலயம், அப்பா பெயர் என்ன என்று மூன்று கேள்வி கேட்டால் சாதி தெரிந்துவிடும். கேட்பவருக்கு அந்த எண்ணமே இல்லாமல் இருக்கலாம். பதில் சொல்லும் பிள்ளைக்கு எண்ணம் இருக்கும். கல்லறைத் தோட்டத்தையே இரண்டாகப் பிரித்த ஊரிலிருந்து அந்தப் பிள்ளை வந்திருக்கலாம். ஆலயத்திலும் சாதி பார்க்கப்படுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், இங்கேயாவது அது இருக்காது என்று நம்பி வந்திருக்கலாம். அப்படிப்பட்டவரை வரவேற்பு மேசையில் இருக்கும் அண்ணன் 'எந்தச் சேகரம் தம்பி?' என்று கேட்டால், மறு வாரம் ஆளைப் பார்க்க முடியாது. ஏன் வரவில்லை என்று காரணமும் சொல்லமாட்டார்.

சாதிச் சான்றிதழில் இன்னொரு வலியும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும்தான். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால் ஒரே தெருவில், ஒரே ஆலயத்துக்குப் போகும் குடும்பங்களிடையே சான்றிதழ் வேறு வேறாக (சிலருக்கு இந்து என்றே) இருக்கும். ஒரு பிள்ளையின் சான்றிதழில் ஒரு பெயரும் ஐக்கியத்தில் கூப்பிடும் பெயர் வேறாகவும் இருந்தால், ஏன் என்று கேட்கவே கேட்காதீர்கள். அது அந்தக் குடும்பம் எடுத்த முடிவு.

பேச்சைத் தொடங்க வேறு நூறு வழி இருக்கிறது. எந்தப் பிரிவு, மெஸ் சாப்பாடு எப்படி, ஹாஸ்டலில் தண்ணீர் வருகிறதா, கணக்கு வாத்தியார் யார். ஊரைச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

ஹாஸ்டல் அறைக்குப் போய்ப் புதியவர்களைப் பார்க்கலாமா?

போகாதீர்கள். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கும் அதில் இடமுண்டு. யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைகள் முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனி விடுதிப் பகுதியில் வைக்கச் சொல்கின்றன; அங்கே சீனியர்கள் போவதைக் கண்காணிக்கவும் சொல்கின்றன. நீங்கள் பைபிளோடு போனாலும் சீனியர் சீனியர்தான். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டும் அறிமுகமில்லாத மூன்றாமாண்டு மாணவரைப் பார்த்ததும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு முதலில் என்ன தோன்றும் என்று யோசியுங்கள்.

பகலில், பொது இடத்தில், பெயரைச் சொல்லிப் பேசுங்கள். கல்லூரி அனுமதித்தால் சேர்க்கை நாளில் உதவி மேசை போடுங்கள். புதியவர் யாராவது ராகிங் பற்றிச் சொன்னால், 'ஜெபிப்போம்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடமோ 1800-180-5522 என்ற யு.ஜி.சி. இலவச எண்ணிலோ புகார் செய்ய உடன் நில்லுங்கள்.

நான் கிறிஸ்தவர் இல்லை. சீனியர் அக்கா கூப்பிட்டார். போகலாமா?

போகலாம், போகாமலும் இருக்கலாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது என்ன கூட்டம் என்று கூப்பிடும்போதே சொன்னார்களா? 'கிறிஸ்தவ ஐக்கியத்தின் வரவேற்புக் கூட்டம், பாட்டும் ஜெபமும் இருக்கும், விருப்பம் இருந்தால் வா' என்று சொல்லியிருந்தால் நேர்மையான அழைப்பு. 'ஆளுமை வளர்ச்சிப் பயிலரங்கம்', 'இலவச ஆங்கில வகுப்பு' என்று சொல்லிக் கூட்டிப்போய் உள்ளே ஜெபம் நடந்தால், எழுந்து வந்துவிடுங்கள். விசுவாசத்தைச் சொல்ல வெட்கப்பட்டு வேறு பலகையை மாட்டுவது கிறிஸ்தவர்களுக்குத்தான் கேவலம் என்பேன்.

நடத்துகிறவர்கள் சட்டமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் 2020–21 முதல் கடுமையான சட்டங்கள் இருக்கின்றன. அங்கே படிக்கப் போகிறவர்கள் இங்கே நடப்பதுபோலவே நடக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

அரசுக் கல்லூரி வளாகத்தில் கூட்டம் நடத்தலாமா?

முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை வழங்கக் கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. இது நிறுவனத்துக்குச் சொன்னது. மாணவர்கள் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேராகச் சேர்ந்து ஜெபிப்பது வேறு விஷயம் என்று வாதாடலாம். ஆனால் முதல்வரிடம் கேட்காமல் வகுப்பறையைத் திறக்காதீர்கள். அனுமதி இல்லையென்றால் பக்கத்து ஆலயத்தில் இடம் கேளுங்கள். சண்டை போட்டு வாங்கிய அறையில் புதியவர்கள் வரத் தயங்குவார்கள்.

பெற்றோர் கேட்பது: இதில் போனால் படிப்பு கெட்டுப்போகாதா?

வாரம் ஒன்றரை மணி நேரத்தில் யாருக்கும் அரியர் விழுவதில்லை. பொறுப்புகளைத் தலையில் ஏற்றிக்கொண்டால் விழலாம். பாட்டுப் பயிற்சி, முகாம், திட்டமிடல் கூட்டம், வெளியூர் ஊழியம் என்று முதலாண்டிலேயே ஒரு பிள்ளையை இழுத்துவிடும் குழுக்கள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. முதல் செமஸ்டர் முடியும்வரை எந்தப் பொறுப்பும் தரக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கும் குழுவை நம்புங்கள்.

பணம் பற்றியும் கேளுங்கள். முகாமுக்குக் கட்டணம் இருக்கலாம், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கேட்டால் சந்தேகப்படுங்கள். பல இயக்கங்கள் பழைய மாணவர்கள் அனுப்பும் காணிக்கையில் நடப்பவை.

ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்களோ?

மாணவர் ஐக்கியம் சபை இல்லை. ஞானஸ்நானமும் திருவிருந்தும் சபையின் வேலை. முதலாண்டில் பலருக்குப் பதினெட்டே முடிந்திருக்காது. பெற்றோருக்குத் தெரியாமல் அப்படி ஒரு பேச்சு எழுந்தால் அந்தக் குழுவை விட்டு உடனே வெளியே வரச் சொல்லுங்கள்.

எந்தக் குழுவிலிருந்து விலகி நிற்க வேண்டும்?

வீட்டில் சொல்லாதே என்கிற குழு. உன் பழைய நண்பர்கள் வேண்டாம், அறைத் தோழரோடு பழகாதே என்கிற குழு. எந்த அமைப்பு, யார் பொறுப்பு என்று கேட்டால் சுற்றி வளைக்கும் குழு. காய்ச்சலுக்கு மாத்திரை வேண்டாம் என்கிற குழு. மன அழுத்தத்தைப் பாவம் என்றும் பிசாசு என்றும் மட்டுமே சொல்லி, மருத்துவரிடம் அனுப்ப மறுக்கும் குழு. கைபேசியைத் திறந்து காட்டச் சொல்லும் அண்ணன் எவ்வளவு நன்றாக ஜெபித்தாலும் அவர் பக்கம் போக வேண்டாம்.

பையன்களும் பெண்களும் பேசினாலே அடையாள அட்டையைப் பிடுங்கும் கல்லூரி எங்களுடையது. என்ன செய்வது?

தனித்தனியாக நடத்துங்கள். மாணவிகளை மாணவிகளே வரவேற்கட்டும், கைபேசி எண்ணையும் அவர்களே வாங்கிக்கொள்ளட்டும். அப்படித் தடை இல்லாத கல்லூரியிலும் முதல் மாதம் இதுதான் நல்லது. ஒரு முதலாண்டுப் பெண்ணின் எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது ஐம்பது கைபேசிக்குப் போகிறது. அவரைக் கேட்காமல் போடக் கூடாது. அறிவிப்பு மட்டும் வரும் குழு ஒன்று வைத்துக்கொண்டால் ராத்திரி பன்னிரண்டு மணி வசனப் படங்களும் குறையும்.

யாரை அதிகம் தவறவிடுகிறோம்?

முதலில் டேஸ்காலர்கள். வகுப்பு முடிந்த சில நிமிடத்தில் கல்லூரிப் பஸ் கிளம்பிவிடும், மாலைக் கூட்டத்துக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? மதிய இடைவேளையில் இருபது நிமிடம் கூடுங்கள்.

அடுத்து, டிப்ளமோ முடித்து நேரே இரண்டாமாண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி மாணவர்கள். யாரும் அவர்களைப் புதியவர்களாக எண்ணுவதில்லை. வகுப்பில் எல்லாரும் ஒரு வருடம் பழகிய பிறகு உள்ளே வருகிறார்கள். முதலாண்டு மாணவரைவிடத் தனிமை அதிகம்.

மூன்றாவது, வடகிழக்கிலிருந்து வருபவர்கள். நாகாலாந்திலும் மிசோரத்திலும் கிறிஸ்தவர்கள் 87 சதவீதத்துக்கு மேல். ஊரே ஆலயத்துக்குப் போகும் இடத்திலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் வேலூருக்கும் வருகிறார்கள். நம் கூட்டத்தில் தமிழில் முக்கால் மணி நேரச் செய்தி நடக்கும்போது ஒரு ஓரத்தில் சிரித்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வந்தால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மெல்ல மொழிபெயர்க்கட்டும். ஒரு பாட்டையாவது ஆங்கிலத்தில் பாடுங்கள். அவர்களைப் பாடச் சொன்னால் நம் கிட்டார்க்காரர் வாயடைத்துப் போவார், அது வேறு விஷயம். மணிப்பூர் பிள்ளைகளிடம் 2023 மே மாதக் கலவரம் பற்றி நீங்களாகத் துருவ வேண்டாம்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் இந்தப் பட்டியலில் உண்டு. அவர்களுக்கு முதல் மாதத்தில் தேவைப்படுவது முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை எங்கே கொடுப்பது, ஆங்கிலத்தில் நடத்தும் இயற்பியலை எப்படிப் படிப்பது, பழைய புத்தகம் எங்கே கிடைக்கும் என்பவைதான். இதைச் சொல்லிக் கொடுக்கும்போது ஐக்கியத்துக்கு வருவாரா என்று பார்க்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் இந்துப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

முதல் ஞாயிறு எந்த ஆலயத்துக்குக் கூட்டிப்போவது?

அவருடைய சபை ஆலயத்துக்கு. உங்கள் ஆலயத்துக்கு இழுக்காதீர்கள். கல்லூரியைச் சுற்றியுள்ள ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே ஆலயங்கள், ஆராதனை நேரம், பஸ் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வரவேற்புக் கூட்டத்தில் கொடுங்கள். ஹாஸ்டலில் அவுட்பாஸ் வாங்கும் முறையையும் மெஸ் டிபன் எத்தனை மணி வரை கிடைக்கும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு மணி நேரச் செய்தியைவிட இந்தத் தாள் பயன்படும்.

ஒருமுறை வந்துவிட்டு மறுபடி வராதவரை என்ன செய்வது?

ஒருமுறை விசாரியுங்கள், போதும். மூன்று பேர் மாறி மாறிப் போன் செய்தால் கேன்டீனில் உங்களைக் கண்டதும் வேறு வழியில் போவார். பார்க்கும்போது வழக்கம்போல் பேசுங்கள். தேர்வு நேரத்தில் நோட்ஸ் கேட்டால் கொடுங்கள். இரண்டாமாண்டில் தானாக வந்து பின்வரிசையில் உட்காருகிறவர்கள் எப்போதும் உண்டு. 'இவ்வளவு நாள் எங்கே போனாய்?' என்று கேட்காமல் இடம் விடுங்கள்.

மகள் பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறாள். அங்கே இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. பல்கலைக்கழகங்களில் 'கிறிஸ்டியன் யூனியன்' என்ற மாணவர் குழுக்கள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜில் 1877 முதல் இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் வரும் ஃபிரெஷர்ஸ் வாரத்தில் மாணவர் சங்கங்கள் எல்லாம் வரிசையாக மேசை போடும் நாளில் இவர்களும் நிற்பார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தேநீரும் உணவும் வைத்துப் பழகும் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பும் அங்கே பல நகரங்களில் வேலை செய்கிறது. புறப்படுமுன் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுத் தேடி ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். குளிர்க்கோட்டு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதையும் அதிலேயே கேட்கலாம், கட்டாயம் பதில் வரும்.